துண்டுச் சீட்டும் தோட்டத்துக் கணக்கும்

ஹட்டன் நகரில் 1888ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் இருவர் கூடி ஒரு வங்கியைத் தோற்றுவித்தனர். மலையேறி வந்த ரயில்வண்டி அந்நகரை எட்டி அப்போது நான்கு ஆண்டுகளே கழிந்திருந்தன. 1885இல் தண்டவாளம் நானுஓயாவரை நீண்டு நுவரெலியாவின் வாசலைத் தொட்டிருந்தது. இலைநோயால் கோப்பிச் செடிகள் பட்டுப்போன சரிவுகளிலெல்லாம் தேயிலை தளிர்விட்டுக்கொண்டிருந்தது. தோட்டத்துரைமாரின் கொடுக்கல் வாங்கலை நம்பி எழுந்த அந்தச் சிறு வங்கி, 1970ஆம் ஆண்டில் ஹட்டன் நேஷனல் வங்கி என்னும் பெரிய ஸ்தாபனமாக உருமாறி, இன்று இலங்கை முழுவதும் கிளை பரப்பி நிற்கிறது. அதன் சரித்திரத்தைச் சொல்ல வேறு பலர் இருக்கிறார்கள்.

அதே காலத்தில் அதே மலைகளிலே இன்னொரு வங்கியும் நடந்துவந்தது. அதற்குக் கட்டடமும் இல்லை, இரும்புப் பெட்டியும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. கோட்டும் தலைப்பாகையும் தரித்து, கையிலே பிரம்பேந்தி, காலையில் பிரட்டுக்களத்திலே தம் ஆட்களைத் தலையெண்ணி நிறுத்திய பெரிய கங்காணியே அந்த வங்கி. தோட்டத் தொழிலாளி கடன் வாங்கியதும் அவரிடமே, கடன் கட்டியதும் அவரிடமே. எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கட்டினோம், இன்னும் எவ்வளவு பாக்கி என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததும் அவரிடமே. தான் வாங்காத கடன் தன் பெயரில் எப்படி ஏறியது என்று வினவுவதற்கு மட்டும் அவனுக்கு ஓர் இடமும் இருக்கவில்லை. அந்த இடம் உண்டாவதற்குக் கோப்பிக் காலம் தொட்டு ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு பிடித்தது. அந்த முக்கால் நூற்றாண்டைப் பற்றித்தான் இங்கே எழுதப் புகுகிறேன்.

கடன் பிறந்த இடம் மலைநாடு அன்று. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய சீமைகளின் வறண்ட கிராமங்களே அதன் ஜன்மபூமி. ஊர்க்கடனைத் தீர்க்கவும், பிரயாணத்துக்குத் துணிமணி வாங்கவும், வீட்டிலே விட்டுச்செல்லும் கிழவர் கிழவியருக்கு நாலு படி அரிசி வாங்கி வைக்கவும் என்று கங்காணி கொடுத்த முற்பணமே முதற்பற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தகரச்சீட்டு என்றொரு முறை வந்தது. தோட்டத்தின் எண் பொறித்த ஒரு தகரத்துண்டைக் கழுத்திலே கயிற்றில் கோத்து மாட்டிக்கொண்டால், வழியிலே கையிலிருந்து காசு கொடுக்காமல் மலைக்கு வந்து சேரலாம். உண்ட சோற்றுக்கும் ஏறிய கப்பலுக்கும் ரயிலுக்கும் ஆன செலவெல்லாம் அந்த எண்ணின்பேரில் தோட்டத்துக்குப் போய்ச் சேரும். தோட்டம் அதனைக் கங்காணியின் கணக்கில் எழுதும். கங்காணி அதனை ஆளின் கணக்கில் எழுதுவார். இப்படியாக, ஒரு கொழுந்தேனும் கிள்ளுவதற்கு முன்பே, ஒரு முள்ளேனும் குத்துவதற்கு முன்பே, அவன் கடனாளியாகிவிட்டான்.

கங்காணி கொடுத்த பணமும் பெரும்பாலும் அவருடைய சொந்தப் பணம் அன்று. தோட்டத்துரை கொடுத்த முன்பணம் ஒருபுறம். கொழும்பிலே செட்டியார் தெருவில் கிட்டங்கி வைத்திருந்த நாட்டுக்கோட்டைச் செட்டிமாரிடம் வாங்கிய வட்டிப்பணம் இன்னொருபுறம். செட்டிமாரோ தங்கள் மூலதனத்தோடு ஐரோப்பிய வங்கிகளிடமிருந்து பெற்ற கடனையும் சேர்த்துத் தொழில் நடத்தினார்கள். ஆகவே, லயம் என்னும் தொழிலாளர் வரிசைவீட்டின் காம்பராவிலே படுத்துறங்கிய ஏழையின் பற்றில் ஏறிய ரூபாய்க்கும் கொழும்புக் கோட்டையிலிருந்த வங்கி மாளிகைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு சங்கிலி இருந்ததென்றே சொல்லவேண்டும். அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒருவர் தம் லாபத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கீழே தள்ளிவிட்டார்.

சம்பளம் வந்த வழியும் அதுவே. கோப்பிக் காலத்திலே கூலியை மாதந்தோறும் கொடுக்கும் வழக்கம் அருமை. இரண்டு மூன்று மாதங்கள் பாக்கி நிற்பது சாதாரணம். கொடுக்கும்போதும் கூட்டத்தின் சம்பளம் முழுவதையும் பெரிய கங்காணியின் கையிலே கொடுத்துவிடுவார்கள். அவர் அரிசிக்கென்றும் கம்பளிக்கென்றும் முற்பணத்துக்கென்றும் கழித்துக்கொண்டு மீதியைப் பங்கிடுவார். கழித்தது நியாயமா என்று பார்க்க ஆளிடம் எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. இதற்கு மேலாக, வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் இத்தனை சதம் என்று தோட்டம் கங்காணிக்குத் தலைக்காசு கொடுத்தது. அவரவர் உழைப்பின்மேல் அவரவருக்குத் தெரியாமல் விழுந்த வரி அது என்று நான் கருதுகிறேன். அந்தச் சதங்கள் கங்காணியின் கையில் சேராமல் உழைத்தவனுடைய கூலியோடு சேர்ந்திருக்க நியாயமுண்டு.

கோப்பி அழிந்தபோது இந்த ஏற்பாட்டின் குரூரம் வெளிப்பட்டது. 1869இல் முதன்முதலாகக் கண்ணில் பட்ட இலைநோய் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. அடகிலிருந்த தோட்டங்கள் கைமாறின. 1884ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓரியண்டல் வங்கி முறிந்து விழுந்து, அதன் நோட்டுக்களுக்கு அரசாங்கமே பொறுப்பேற்கவேண்டியதாயிற்று. தேசாதிபதி ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுக்களுக்கு உத்தரவாதம் அளித்ததை இலங்கையின் பொருளாதார சரித்திரம் எழுதுவோர் எல்லோரும் பாராட்டுவர். வங்கி நோட்டை வைத்திருந்தவனுக்கு அரசாங்கத்தின் உத்தரவாதம் கிடைத்தது. மாதக்கணக்கில் சம்பளப் பாக்கியை வைத்திருந்தவனுக்குக் கிடைத்தது என்ன?

கிடைத்தது ஒன்று உண்டு, அது அற்பமானதும் அன்று. அதே 1884இல் நிறைவேறிய 16ஆம் இலக்கச் சட்டம், தொழிலாளரின் சம்பளப் பாக்கிக்குத் தோட்டத்தின் மீது முதலுரிமை கொடுத்தது. தோட்டத்தை அடகு பிடித்த வங்கியானாலும் சரி, லண்டன் கம்பனியானாலும் சரி, தோட்டம் விற்கப்பட்டால் மூன்று மாதக் கூலிக்குப் பின்னால்தான் தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். மலைநாட்டுத் தமிழர் சரித்திரத்திலே வங்கிக்கு முன்னால் கூலியாள் நிறுத்தப்பட்ட முதற்சந்தர்ப்பம் இதுவே என்று நினைக்கிறேன். ஆயினும் அந்தச் சட்டம் பேசியது துரை கொடுக்கவேண்டிய சம்பளத்தைப் பற்றி மட்டுமே. கங்காணி கழித்துக்கொண்ட சம்பளத்தைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம், ஒரு மாதத்துச் சம்பளத்தை அந்த மாதம் முடிந்து அறுபது நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று விதித்தது. அறுபது நாள் தவணை என்பது அக்காலத்திலே தாராளம் என்று எண்ணப்பட்டது. அந்த அறுபது நாளும் தொழிலாளி எதைத் தின்றான்? கங்காணி கடனாகக் கொடுத்த அரிசியைத்தான். சம்பளம் தாமதிக்கத் தாமதிக்கப் பற்று வளர்ந்தது. பற்று வளர வளர ஆள் அசையமுடியாதவன் ஆனான்.

இனித் துண்டு என்னும் அந்தச் சிறு காகிதத்துக்கு வருவோம். ஒரு கங்காணி தம் கூட்டத்தோடு ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக விரும்பினால், பழைய தோட்டத்துத் துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்: இன்னாரையும் அவருடைய ஆட்கள் இத்தனை பேரையும், இத்தனை ரூபாய் கிடைத்தவுடன் விடுவிக்கச் சம்மதிக்கிறேன் என்பதே அதன் சாரம். இந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கங்காணி தோட்டம் தோட்டமாகப் போவார். திம்புளையிலும் டிக்கோயாவிலும் மஸ்கெலியாவிலும் புதுத் தேயிலைக்கு ஆள் தேடித் தவித்த துரைமார் ஒருவரையொருவர் விஞ்சிப் பணம் கொடுத்தனர். துண்டிலே எழுதிய தொகை பழைய தோட்டத்துக்குப் போகும். அதற்கு மேல் புதிய துரை கொடுத்தது கங்காணியின் மடிக்குப் போகும். ஆனால் முழுத்தொகையும் புதிய தோட்டத்திலே ஆட்களின் தலையில் கடனாக ஏறும். அவர்கள் செய்ததெல்லாம் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு மலைக்கு இந்தப்பக்கமிருந்து அந்தப்பக்கம் நடந்து போனது மட்டுமே. நடந்த நடைக்கு அவர்களே விலை கொடுத்தார்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கூட்டம் இடம்பெயர்ந்தால், ஒரு சதமும் புதிதாக வாங்காமலே ஒருவனுடைய கடன் மடங்கு மடங்காகப் பெருகிவிடும். நான் வாசித்த கடன் முறைகளிலே, வாங்காதவன் கட்டுவதை இவ்வளவு ஒழுங்காகச் செய்துகாட்டிய ஏற்பாடு வேறொன்றில்லை.

இதிலே கொடுமைக்குக் கொடுமை குடும்பப் பொறுப்பு. கணவன் பட்ட கடன் மனைவியையும், தகப்பன் பட்ட கடன் மக்களையும் தொடர்ந்தது. இறந்தவனுடைய பற்று அவனோடு புதைக்கப்படாமல் உயிரோடிருப்பவர் பெயருக்கு மாற்றி எழுதப்பட்டது. இது தகாது என்று சொல்லிக்கொண்டு ஒருவன் இரவோடிரவாகத் தோட்டத்தை விட்டு ஓடினானானால், 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க ஒப்பந்தச் சட்டம் அவனைப் பிடித்தது. முன்னறிவித்தலின்றி வேலையை விட்டுப் போவது அச்சட்டத்தின்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். கடன் சிவில் விவகாரமாக இருக்க, கடனிலிருந்து தப்பியோடுவது கிரிமினல் விவகாரமாயிற்று.

கங்காணியை மட்டும் பழிப்பது நியாயமாகாது. அவரும் தம் புரோநோட்டுக்களைச் செட்டியாரிடத்திலும் துரையினிடத்திலும் எழுதிக் கொடுத்துவிட்டு அந்த வட்டிக்குப் பதில் சொல்லவேண்டியவராகவே இருந்தார். கூட்டத்திலே பத்துப் பேர் பேதியில் மாண்டுபோனால், அவர்களுடைய முற்பணம் கங்காணியின் நஷ்டம். அந்த நஷ்டத்தை மிஞ்சியிருந்தவர்கள்மேல் பங்கிட்டுப் போட்டார். ஊரிலே உறவுமுறை சொல்லி அழைத்து வந்த பெண்கள் அவரிடம் கணக்குக் கேட்க நாணினார்கள். கேட்டால் அது கணக்குக் கேட்டதாக அன்றி நன்றி மறந்ததாகவே கருதப்பட்டது. மாமனென்றும் பெரியப்பனென்றும் அழைக்கப்பட்ட ஒருவர் கடன் கொடுத்தவராகவும் கணக்கராகவும் நீதிபதியாகவும் இருந்ததுதான் அந்த முறையின் பலம். மலைநாட்டு நாட்டார் பாடல்களிலே கங்காணியின் மீது கேலியும் கோபமும் இவ்வளவு மலிந்திருப்பதற்குக் காரணம், நேருக்கு நேர் கேட்கமுடியாததைப் பாட்டிலாவது கேட்டுவிட வேண்டும் என்ற ஆற்றாமையே என்று நான் எண்ணுவதுண்டு.

துரைமாருக்கே இந்தத் துண்டு ஒரு காலத்திலே சுமையாகிவிட்டது. ஆளைப் பிடிக்கக் கொடுத்த முன்பணம் ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. கொடுத்த பணத்துக்குப் பிணையாக இருந்ததோ ஒரு கூட்டத்தாரின் உடல் மட்டுமே. 1904இல் திருச்சிராப்பள்ளியிலே தங்கள் சொந்தத் தொழிலாளர் கமிஷன் காரியாலயத்தை அமைத்து ஆள் திரட்டிப் பார்த்தார்கள். 1908இல் அரசாங்கம் ஒரு விசாரணைக் குழுவை நியமித்துச் சாட்சியம் பெற்றது. 1917இலே சென்னை அரசாங்கத்துக்காக மார்ஜோரிபாங்க்ஸ் என்னும் அதிகாரியும் அகமது தம்பி மரைக்காயரும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் சென்று பார்த்து எழுதிய அறிக்கை, இலங்கைத் தோட்டங்களின் கடன் முறையை இந்தியாவிலுள்ளோர் கண்முன் நிறுத்தியது. கொழும்பிலே, சிவில் சேவையிலிருந்து ஓய்வுபெற்றிருந்த சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலச் சங்கத்தை நிறுவி, வேலையை விட்டவனைச் சிறையிலிடும் சட்டத்தை எதிர்த்து இடைவிடாமல் எழுதினார். யாழ்ப்பாணத்து உயர்குடியிலே பிறந்து கேம்பிரிட்ஜில் படித்த அந்தப் பெரியவருக்கும் லயத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இருந்ததில்லை. சம்பந்தமில்லாதவர் பேசியதனாலேயே பேச்சுக்குக் கனம் உண்டாயிற்று போலும்.

1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டை ஒழித்தது. அடுத்த ஆண்டு இந்தியாவிலே குடிபெயர்வோர் சட்டம் வந்தது. அதற்கிணங்க 1923இல் இலங்கை தன் சட்டத்தைத் திருத்தி, தோட்டங்களிடமிருந்து அறவிட்ட வரியைக் கொண்டு ஒரு குடிவரவு நிதியை ஏற்படுத்தியது. ஆளைக் கொண்டுவரும் செலவு அந்த நிதியின் பொறுப்பாயிற்று. கழுத்துத் தகரத்தின் பின்னாலிருந்த பற்றுக்கு இடமில்லாமற் போயிற்று. அந்த ஆண்டிலேயே இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்டாக எஸ். ரங்கநாதன் கண்டிக்கு வந்து அமர்ந்தார். இந்த மாறுதல்களையெல்லாம் ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை புலப்படுகிறது: சட்டம் முன்னோக்கியே பார்த்தது. இனிமேல் ஏற்றாதே என்றது. ஏற்றியதைத் திருப்பிக் கொடு என்று சொல்லவில்லை. இரண்டு தலைமுறை கட்டிய துண்டுக் கடன் கட்டியது கட்டியபடியே போயிற்று.

ஆனால் கேட்பதற்கு ஓர் இடம் உண்டாகிவிட்டது. கண்டியிலே ஒரு காரியாலயம் இருக்கிறது, அங்கே தமிழ் தெரிந்த ஓர் உத்தியோகஸ்தர் இருக்கிறார், கடுதாசி எழுதிப் போட்டால் விசாரணை வரும் என்னும் செய்தி லயம் லயமாகப் பரவியது. எழுதத் தெரியாதவர்கள் டவுனிலே பெட்டிசன் எழுதுவோரைத் தேடிப் போனார்கள். 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தோட்டத்து இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்ச வேதனத்தை நிர்ணயித்தது. 1929 முதல் அது நடைமுறைக்கு வந்தபோது, நுவரெலியா போன்ற உயர்ந்த மலைப்பகுதிகளிலே ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32 என்று வகுக்கப்பட்டது. மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் பத்தாந்தேதிக்குள் கொடுக்கவேண்டும் என்ற விதியும் நிலைபெற்றது. பத்தாந்தேதி இன்றும் தோட்டங்களிலே சம்பள நாள். ஹட்டன் டவுனிலும் தலவாக்கலையிலும் அன்றைக்குக் கடைவீதி கொள்ளாது.

ஒரு தொகை சட்டத்திலே எழுதப்பட்டுவிட்டால் அதிலே கை வைக்க முடியாதென்று எண்ணுவோர் தோட்டத்துத் தராசை அறியாதவர்கள். கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கென்று சில இறாத்தல், மழையில் நனைந்த இலையின் ஈரத்துக்கென்று சில இறாத்தல் கழிக்கப்படும். கழித்தபின் நிற்கும் நிறை குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால் செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டிலே முழுப்பேர் விழாது, அரைப்பேர் விழும். விடியற்காலை முதல் மாலைவரை மலையிலே நின்றவள் அரைநாள் சம்பளத்தோடு திரும்புவாள். துண்டை ஒழிக்கச் சட்டசபை கூடியது. அரைப்பேரை ஒழிக்க எந்தச் சபையும் கூடவில்லை. செக்ரோலை எழுதிய கணக்கப்பிள்ளையின் பென்சிலுக்கு இருந்த அதிகாரத்தை நினைக்கும்போது, கங்காணியின் பேரேடு கைமாறியதேயன்றி அழியவில்லை என்றே தோன்றுகிறது. எழுதியவர் கையிலேயே ஏடு இருந்தவரை, எழுதப்பட்டவருக்குக் கிடைக்கும் நியாயம் எழுதியவருடைய தயவைப் பொறுத்ததாகவே இருந்தது.

இதை நன்றாக உணர்ந்தவர் கோ. நடேசய்யர். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து, கொழும்பிலே ‘தேசபக்தன்’ பத்திரிகையை நடத்திய அவர், அந்நியர் தோட்டத்துக்குள் நுழையத் தடையிருந்த நாளில் புடைவை வியாபாரி வேஷத்திலே லயங்களுக்குப் போய்த் தொழிலாளரைக் கண்டு பேசினார் என்பது மலைநாட்டிலே வழிவழியாகச் சொல்லப்படுவது. 1931இல் ஹட்டனிலே அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அவர் நிறுவியபோது துரைமார் மட்டுமன்றிப் பெரிய கங்காணிகளும் செட்டிமாரும் அவருக்கு விரோதிகளாயினர். அவர் தாக்கியது துரைத்தனத்தை மட்டும் அன்று, சம்பளத்துக்கும் சம்பளக்காரனுக்கும் நடுவே நின்ற ஒவ்வொரு கையையும்தான். கூட்டங்களிலே அவருடைய மனைவியார் மீனாட்சியம்மையார் தாமே இயற்றிய பாடல்களைப் பாடி, எழுத்தறியாதவர் காதிலே உரிமையை ஏற்றினார். அந்தச் சம்மேளனம் சில ஆண்டுகளுக்குள்ளாகவே மெலிந்துபோயிற்று. ஆனாலும் 1936இலே ஹட்டன் தொகுதி நடேசய்யரையே அரசாங்க சபைக்கு அனுப்பியது.

பின்னர் வந்தவற்றை விரைந்து சொல்லலாம். 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் சட்டம், அனுமதிக்கப்பட்ட கழிவுகளைத் தவிர வேறு கழிவின்றிச் சம்பளத்தைத் தொழிலாளியிடம் நேராகக் கொடுக்கவேண்டும் என்றது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் ஊழியர் சேமலாப நிதியைத் தந்தது. தொடக்கத்திலே தொழிலாளி சம்பளத்தில் நூற்றுக்கு நான்கும், முதலாளி ஆறும் செலுத்தவேண்டும். பணம் மத்திய வங்கியின் பொறுப்பில் இருக்கும். வங்கி வாசலை மிதித்தறியாத கொழுந்து பறிக்கும் பெண்ணின் பெயரிலே, நாட்டின் தலைமை வங்கியில் ஒரு கணக்கு ஏறியது. கடன் ஏறுவதற்கே பெயர் பதிந்த ஒரு சமூகத்துக்குச் சேமிப்பு ஏறுவதற்காகவும் பெயர் பதிந்தது.

1964 அக்டோபரிலே கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினர் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப வழிவகுத்தபோது, ஒரு குடும்பம் தன்னோடு கொண்டுபோகக்கூடிய உடைமையின் உச்சவரம்பு நாலாயிரம் ரூபாய்க்குக் கீழே குறைக்கப்படமாட்டாது என்று அதிலே ஒரு வாசகம் சேர்க்கப்பட்டது. தகரத்தைக் கழுத்தில் மாட்டிக் கடனோடு வந்திறங்கிய பாட்டனின் பேரன், சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் எதிர்பார்த்துத் தலைமன்னாரிலே கப்பலேறினான். நாட்டிலே தங்கியவர்களுக்கு வேறொரு தொல்லை காத்திருந்தது. 1975இலே தோட்டங்கள் தேசியமயமானபின், துரையின் இடத்திலே அரசாங்கமே அமர்ந்தது. மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையின் தோட்டங்களிலும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்தின் தோட்டங்களிலும் தொழிலாளர் சம்பளத்திலே கழித்த சேமலாப நிதிப் பணம்கூட நிதிக்குச் செலுத்தப்படாமல் ஆண்டுக்கணக்கில் பாக்கி நின்றது பாராளுமன்றத்திலே பலமுறை பேசப்பட்ட விஷயம். நிலுவையை நீதவான் நீதிமன்றத்தின் மூலம் அறவிடும் அதிகாரம் தொழில் ஆணையாளருக்கு உண்டு. ஆனாலும் ஓய்வுபெற்ற முதியவள் ஒருத்தி தன் பணத்தைக் கேட்டுப் போகும்போது, செக்ரோலிலே ஒரு கணக்கப்பிள்ளை எழுதிய பெயர் ஒன்றாகவும், பிறப்புச் சான்றிதழிலுள்ளது இன்னொன்றாகவும், அடையாள அட்டையிலுள்ளது மூன்றாவதாகவும் இருப்பது இன்றும் வழக்கம். மூன்று பெயரும் தன்னுடையவையே என்று சமாதான நீதவான் முன்னிலையிலே ஒரு சத்தியக் கடுதாசி முடித்துக்கொண்டு வரும்படி அவளைத் திருப்பி அனுப்புகிறார்கள்.